28 சீசன் கோல்கம்பத்துக்கு நடுவில்: புஃபோன் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மூன்று வருடம் கல்லூரி அணிக்கு கோல் காத்தவன் நான், என் தகுதி அவ்வளவுதான். ஆனால் இத்தாலி கோல்கீப்பர் ஜான்லூயிஜி புஃபோனுக்காக எத்தனை நள்ளிரவு விழித்திருந்து இத்தாலிய லீக் பார்த்தேன் என்று என் வீட்டில் கேட்டால் கணக்குச் சொல்வார்கள். ஒரு கோல்கீப்பரின் தொழில் வாழ்க்கை முதலிலிருந்து கடைசிவரை எப்படி இருக்கும் என்று நேற்று பேச்சு வந்தது, அதான் அவரையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, அவர் சின்ன வயதிலிருந்தே கோல்கீப்பரா?

இல்லை. பளிங்குக்குப் பேர்போன கராரா ஊர்க்காரர், 1978 ஜனவரியில் பிறந்தவர். அம்மா வட்டு எறிபவர், இரண்டு அக்காமாரும் வாலிபால். இவர் நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்தார். 1990 உலகக் கோப்பை இத்தாலியிலேயே நடந்தது இல்லையா, முதல் ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவை கேமரூன் 1-0 என்று சாய்த்தது. அன்று கேமரூன் கோலில் நின்றவர் தோமா என்கோனோ. அவரைப் பார்த்துத்தான் 12 வயதுப் பையன் கையுறை மாட்டினான். பிற்பாடு தன் மூத்த மகனுக்கு லூயி தோமா என்று பெயர் வைத்தார், அந்த தோமா இவர்தான்.

கேள்வி: என் பையனுக்கு 12 வயது, இப்போதுதான் கோலில் நிற்க ஆசைப்படுகிறான். தாமதமாகிவிட்டதா சார்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். இன்னொன்று, வேறு இடத்தில் ஓடிப் பழகிய கால் ஒரு கீப்பருக்கு வரம்தான். 1992-இல் விதி மாறியது. தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தட்டிக்கொடுத்த பந்தை கீப்பர் கையால் தொடக்கூடாது. அன்றிலிருந்து பந்தைக் காலால் ஆளத் தெரியாத கீப்பருக்குத் தினமும் சோதனைதான்.

கேள்வி: முதல் ஆட்டம்?

1995 நவம்பர் 19, பார்மா அணிக்காக மிலானுக்கு எதிராக. வயது 17. எதிரே ரோபெர்ட்டோ பாஜ்ஜோ, ஜார்ஜ் வேயா. வேயா அடுத்த மாதமே ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருது வாங்கினார். ஆட்டம் 0-0.

கேள்வி: பெனால்டி தடுப்பதில் அவர் அப்படி ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்கிறார்களே?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். இரண்டு ஷூட்அவுட்களை, அதாவது சமனான ஆட்டத்தை முடிக்க இரு அணியும் மாறி மாறி அடிக்கும் பெனால்டிகளை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2003 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்களின் பெரிய கோப்பை) இறுதி, மான்செஸ்டர், யுவென்டஸ் - மிலான். புஃபோன் அப்போது யுவென்டஸில். அந்த ஷூட்அவுட்டில் புஃபோன் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார், சேடோர்ஃப் அடித்தது ஒன்று, கலாட்சே அடித்தது ஒன்று. தோற்றார். ஏனென்றால் அந்தப் பக்கம் மிலானின் டிடா மூன்றைத் தடுத்துவிட்டார்.

2006 உலகக் கோப்பை இறுதி, பெர்லின், இத்தாலி - பிரான்ஸ். அந்த ஷூட்அவுட்டில் புஃபோன் ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை, ஒன்றைக்கூட! ட்ரெசெகே அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டு விழுந்தது, இத்தாலி ஐந்தையும் போட்டது, கோப்பை வந்தது. இப்போது சொல்லுங்கள், எந்த ராத்திரி அவர் நல்ல கீப்பர்? ஷூட்அவுட்டை வைத்து ஒரு கீப்பரை எடைபோடுவது சீட்டு விழுந்ததை வைத்து ஆளை எடைபோடுகிற மாதிரி.

அந்த 2006 இறுதியில் பார்க்க வேண்டியது வேறு. கூடுதல் நேரம், 104-ஆவது நிமிடம், வலது பக்கமிருந்து சன்யோல் போட்ட கிராஸ், ஜிடான் நெற்றியில் வாங்கி நேராகக் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே அனுப்புகிறார். புஃபோன் ஒரு கையை மேலே வீசி விரல் நுனியால் பந்தை மேலே தள்ளிவிடுகிறார். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். கிராஸ் காற்றில் இருக்கும்போதே காலைச் சின்னச் சின்ன அடியாக நகர்த்தி, ஜிடான் தலை பந்தைத் தொடும்போது நின்றுவிட்டார். நகர்ந்துகொண்டே இருந்திருந்தால் அந்தக் கை எட்டியிருக்காது. அடுத்த ஆறாவது நிமிடத்தில் ஜிடான் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ஊர் உலகம் அதைத்தான் பேசுகிறது, எனக்கு இந்தக் கால்தான்.

கேள்வி: அப்படியானால் பறந்து பிடிப்பது முக்கியம் இல்லையா?

பறப்பது கடைசி வழி. கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், அதை ஒரு மனிதன் உடம்பால் மூட முடியாது. பந்திலிருந்து இரண்டு கம்பத்துக்கும் ஒரு கயிறு கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முக்கோணத்துக்கு நடுவில் நின்று முன்னால் வரவர, அடிப்பவன் கண்ணுக்கு கோல் சுருங்கும். ரொம்ப முன்னால் வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைத்தான் 20 வருடம் படிக்கிறார்கள். புஃபோன் 40 வயதுக்கு மேலும் ஆடியது இந்தப் படிப்பை வைத்துத்தான் என்பது என் எண்ணம், 20 வயதில் இருந்த பாய்ச்சல் அப்போது ஏது?

கூடவே வாய். முன்னால் நிற்கும் நான்கு பேரையும் கத்திக் கத்தியே நகர்த்திக்கொண்டிருப்பார். 2016-இல் 974 நிமிடம் லீகில் கோல் விடாமல் சாதனை செய்தாரே, அதில் பாதி முன்னால் நின்ற யுவென்டஸ் தடுப்பாட்டக்காரர்கள் பார்சாலி, பொனூச்சி, கியெல்லினிக்குச் சேரும். அந்தத் தொடர், ஒரே ஊர் அணிகள் மோதும் டுரின் டெர்பியில் பெலோட்டி அடித்த பெனால்டியில் முடிந்தது.

கேள்வி: சீரி பி-க்கு (இத்தாலியின் இரண்டாம் பிரிவு லீக்) ஏன் போனார்? வேறு கிளப்பே கிடைக்கவில்லையா?

அட, உலகக் கோப்பையைக் கையில் வைத்திருந்தவருக்கு கிளப் கிடைக்காதா! 2006-இல் நடுவர் நியமன ஊழலில் யுவென்டஸைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளினார்கள். கன்னாவாரோ மாட்ரிட் போனார், இப்ராஹிமோவிச் இன்டர் போனார். இவர், டெல் பியேரோ, நெட்வெட், ட்ரெசெகே தங்கினார்கள். ஒன்பது புள்ளி கழிக்கப்பட்டும் முதலிடத்தில் முடித்து மேலே வந்தார்கள்.

கேள்வி: மன அழுத்தம் இருந்தது என்று படித்தேன். உண்மையா?

உண்மை, அவரே சொன்னது. 2003-04 குளிர்காலம், சம்பளம் இருந்தது, புகழ் இருந்தது, 25 வயது. காலையில் எழுந்தால் ஆடவே பிடிக்கவில்லை. மருத்துவரிடம் போனார், நெருங்கியவர்களிடம் பேசினார். அப்புறம் டுரினில் நடந்த ஷாகால் ஓவியக் கண்காட்சிக்குள் ஒருநாள் நுழைந்திருக்கிறார். ஒரு ஆண் தரையில் நிற்க, அவன் கையைப் பிடித்தபடி ஒரு பெண் காற்றில் மிதக்கிற படம். அதைப் பார்க்க மறுநாளும் போனாராம். மன அழுத்தத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச அவருக்குச் சில வருடம் ஆயிற்று. ஃபார்வர்டு மூன்று வாய்ப்பைக் கோட்டைவிட்டு நாலாவதைப் போட்டால் வீரன். கீப்பர் மூன்றைத் தடுத்து நாலாவதை விட்டால் அந்த நாலாவதுதான் டிவியில் திரும்பத் திரும்ப ஓடும். அந்தக் கனத்தை என் கல்லூரி மைதானத்திலேயே சுமக்க முடியவில்லை.

கேள்வி: அவர் சொதப்பியது எதுவும் இல்லையா? சாமி மாதிரி பேசுகிறீர்களே.

நிறைய. 2016 அக்டோபரில் ஸ்பெயினுக்கு எதிராக பாக்ஸை விட்டு ஓடிவந்து பந்தை உதைக்கப் போனார், கால் காற்றைத்தான் உதைத்தது, வீட்டோலோ காலிக் கோலில் போட்டார். அப்புறம் 2012-இல் மிலானின் முன்டாரி தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டி நன்றாகவே உள்ளே போனது, இவர் வெளியே தட்டினார், நடுவர் கோல் தரவில்லை. உள்ளே போனது தெரிந்திருந்தாலும் நடுவரிடம் சொல்லியிருக்க மாட்டேன் என்று பிறகு சொன்னார். இத்தாலி முழுக்கத் திட்டியது. எனக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லும் கீப்பரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கேள்வி: சாம்பியன்ஸ் லீக்?

கிடைக்கவே இல்லை. 2003, 2015, 2017, மூன்று இறுதியும் தோல்வி.

கேள்வி: கடைசியில் எப்படி முடிந்தது?

தேசிய அணிக்கு 176 ஆட்டம். 2017 நவம்பரில் மிலானில் ஸ்வீடனுடன் 0-0, உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பு போயிற்று. ஸ்வீடன் தேசிய கீதத்துக்கு ரசிகர்கள் விசிலடித்தபோது இவர் கைதட்டினார், ஆட்டம் முடிந்து கேமரா முன்னால் அழுதார். அப்புறம் ஒரு சீசன் பாரிஸ், மறுபடி யுவென்டஸ், 2021-இல் பார்மாவுக்கே திரும்பினார், அப்போது பார்மா இரண்டாம் பிரிவில் இருந்தது. 2023 ஆகஸ்டில், 45 வயதில், கையுறையைக் கழற்றினார்.

கையுறை எந்த அளவு வாங்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நடுவிரல் நுனிக்கு மேலே ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடம் இருக்கட்டும். மிச்சக் கேள்விகளை ராத்திரி பார்க்கிறேன்.