எல் டொராடோ ஹில்ஸ் மண்ணில் கல்நார்: கேள்வி பதில்

கேள்வி: கலிபோர்னியாவில், எல் டொராடோ ஹில்ஸில் வீடு பார்த்திருக்கிறோம் சார். மண் பரிசோதனையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) 'இல்லை' என்று வந்துவிட்டது. வாங்கலாமா?

பதில்: அந்த 'இல்லை'யை அப்படியே நம்பாதீர்கள். அங்கே '435' என்று பெயரிட்ட வழக்கமான பரிசோதனை முறையில் மாதிரியைப் பொடியாக்கி, நுண்ணோக்கியில் 400 புள்ளிகளைப் பார்ப்பார்கள். ஒரு புள்ளியில் நார் சிக்கினாலே 0.25%. அதற்குக் குறைந்தால் தப்பிவிடலாம். டிரெமோலைட்டும் (கல்நாராகும் கனிமங்களில் ஒன்று) சீராகப் பரவியிருக்காது, பாறை இடுக்கில் நரம்பாக ஓடும். நரம்பு வேலியோரம் இருக்க, மாதிரியை வாசலில் எடுத்தால் அறிக்கை சுத்தமாகத்தான் வரும். எத்தனை இடத்தில், எந்த ஆழத்தில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: பின்பக்கம் காய்கறி போடலாமா?

பதில்: கொத்தாதீர்கள். களைத்துணி விரித்து, பலகைப் பாத்தி கட்டி, வெளிமண் நிரப்புங்கள். வெறும் தரையில் 3 அங்குலம் கல்நார் இல்லாத சல்லி போடுங்கள். செர்பென்டைன் (கல்நார் கலந்திருக்கக்கூடிய பாறை) குவாரிச் சல்லி என்றால் வினையை விலைக்கு வாங்கியது போல. தோண்டியே ஆகவேண்டுமா? முதல்நாளே மெல்லிய தூவலாக ஊற நனையுங்கள். குழாயைப் பீய்ச்சினால் மேல்தூசி பறக்கும், அடிமண் காய்ந்தே கிடக்கும்.

கேள்வி: என்95 முகமூடி போதுமா?

பதில்: போதாது, நுண்தூசியை ஏறக்குறைய முழுதும் பிடிக்கும் பி100 வடிகட்டி போட்ட முகமூடி வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டாது. முதலில் மண்ணை நனையுங்கள்.

கேள்வி: அந்த மண்ணில் இருப்பது கல்நாரே இல்லை, உடைந்த கல் சில்லு என்கிறார்களே? சும்மா பீதி கிளப்புகிறீர்கள்.

பதில்: வாருங்கள். 2004 அக்டோபரில் இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) ஆட்கள் அங்குள்ள திடல்களில் பிள்ளைகளைப் போல ஆடி, மூச்சு மட்டத்தில் காற்றைப் பிடித்தார்கள். ஆட ஆட நார் கூடியது. கல்குவாரித் தரப்பு 'பிளவுச் சில்லு' என்றது. 2006-இல் யு.எஸ்.ஜி.எஸ். (அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம்) பார்த்தபோது, தடித்த பட்டகத்திலிருந்து மெல்லிய நார் வரை எல்லா வடிவமும் கலந்திருந்தது.

கேள்வி (அவரே): அப்போ நீளமான கல்தூள் எல்லாம் கல்நாரா?

பதில்: இல்லை. குவார்ட்சை யாரும் சேர்க்கவில்லை. கனிமம் ஆம்பிபோலாக (டிரெமோலைட் சேர்ந்த கனிமக் குடும்பம்) இருந்து, நீளம் 5 மைக்ரானைத் தாண்டி, அகலத்தைப் போல் 3 மடங்காவது இருந்தால் எண்ணுகிறார்கள். சில்லுக்கு வீரியம் குறைவு என்று வாதாட இடமுண்டு. நாரும் கூடவே கிடக்கும் மண்ணில் அந்த வாதத்தால் என்ன லாபம்?

கேள்வி: சருகு ஊதும் இயந்திரம்?

பதில்: தொடவே தொடாதீர்கள். நனைத்துக் கூட்டுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பயமில்லையே?

பதில்: வெளியே ஈரமாக இருக்கும்வரை. செருப்புச் சேறு வீட்டுக்குள் காய்ந்தால் தூசிதான். வாசலிலேயே கழற்றுங்கள், நாயின் காலை ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் சாதா வாக்குவம் போடலாமா? துடைப்பம்?

பதில்: இரண்டும் வேண்டாம். ஹெப்பா (நுண்தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) வாக்குவம், இல்லாவிட்டால் ஈரத்துணி. எத்தனை முறை சொல்வது, நனையுங்கள்!

கேள்வி: ஊரில் எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்...

பதில்: அது வேறு கதை, தனியாகக் கேளுங்கள். அதுவரை துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள்.