பழைய கணினியில் லினக்ஸ் நிறுவி பிட்காயின் மைனிங் செய்ய முடியுமா? என்ன வன்பொருள் வாங்க வேண்டும்?

நான்கு கோர் கொண்ட எட்டு ஆண்டுப் பழைய மேசைக் கணினி, 8 ஜிபி ரேம், 1 டிபி வன்தட்டு, நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு ஆகியவை கைவசம் இருப்பதாகவும், அதில் லினக்ஸ் நிறுவி மைனிங் தொடங்க மேலும் என்ன வாங்குவது, எந்தத் திறந்த மூல மென்பொருள் பொருந்தும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மைனிங்குக்காக எதுவும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஓர் எஸ்எஸ்டி மட்டும் வாங்குங்கள். அதுவும் மைனிங்குக்கு அல்ல, நோடு நடத்துவதற்கு. மைனிங் என்பது புதிய நாணயத்தை ஈட்டப் போட்டியிடுவது, நோடு என்பது பரிவர்த்தனைகளைச் சரிபார்ப்பது. இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பது பிடிபடாமல் நானே பணத்தையும் பல மாதங்களையும் செலவழித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2009 ஜனவரியில் பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ வெளியிட்ட முதல் மென்பொருளில் நோடு, வாலட், மைனிங் மூன்றும் ஒரே நிரலுக்குள் இருந்தன. அது விண்டோஸில் மட்டுமே ஓடியது. லினக்ஸ் பதிப்பு அதே ஆண்டின் இறுதியில்தான் வந்தது. அன்று நோடு நடத்தியவர் எவரும் ஒரு விசையைத் தட்டி மைனராகவும் ஆகிவிடலாம். பின்னர் இவ்விரு வேலைகளும் விலகிக்கொண்டே போய், அந்த மென்பொருளின் வழிவந்த பிட்காயின் கோரின் 2016-ஆம் ஆண்டு 0.13 பதிப்பில் உள்ளிணைந்த மைனிங் பகுதியே நீக்கப்பட்டது. பிட்காயின் கோரை நிறுவினால் நாணயம் தானாகச் சேரும் என்று இன்றும் பலர் நம்புவது அந்தப் பழைய காலத்தின் எச்சம்.

மைனிங் என்பது உண்மையில் என்ன வேலை என்று பார்த்தால் வன்பொருள் விஷயம் தானாகவே விளங்கும். பரிவர்த்தனைகளின் தொகுப்பான ஒவ்வொரு பிளாக்குக்கும் 80 பைட் நீளமுள்ள ஒரு தலைப்பகுதி இருக்கிறது. அதை எஸ்ஹெச்ஏ-256 என்ற வழிமுறையில் இருமுறை செலுத்தினால் வரும் ஹாஷ் என்ற எண், வலையமைப்பு நிர்ணயித்த இலக்கைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பகுதியில் உள்ள நான்ஸ் என்ற எண்ணை மாற்றி மறுபடியும் முயல வேண்டும். இதில் சாமர்த்தியத்துக்கு இடமே இல்லை, ஒரு விநாடிக்குள் எத்தனை முறை முயல முடிகிறது என்பது மட்டுமே கணக்கு. அந்த நான்ஸ் 32 பிட் எண் என்பதால் அதற்குள் ஏறத்தாழ 429 கோடி வாய்ப்புகள் உள்ளன. 2009-இல் ஒரு கணினி அவற்றை முயன்று முடிக்கச் சில நிமிடங்களாவது ஆகும். விநாடிக்கு 14 டெராஹாஷ், அதாவது 14 லட்சம் கோடி முயற்சிகள், செய்யும் ஏசிக் என்ற மைனிங் இயந்திரத்துக்கு ஒரு மில்லிவிநாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதனால் இப்போது பிளாக்கின் முதல் பரிவர்த்தனைக்குள் கூடுதல் எண் ஒன்றை வைத்து, அதையும் சேர்த்து மாற்றிக்கொண்டே ஓட்டுகிறார்கள்.

இந்த வேலை முதலில் சிபியுவில் நடந்தது. 2010-இல் கிராபிக்ஸ் கார்டுகளுக்கும், 2011 அளவில் தேவைக்கேற்ப நிரலமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ பலகைகளுக்கும் சென்றது. 2013-இல் இதற்காகவே வடிக்கப்பட்ட ஏசிக் சில்லுகள் விற்பனைக்கு வந்ததும் மற்ற அனைத்தும் களத்திலிருந்து வெளியேறின. இடையில் ஏஎம்டி கார்டுகள் மட்டும் என்விடியாவைவிடப் பல மடங்கு வேகம் காட்டிய ஒரு காலம் இருந்தது. எஸ்ஹெச்ஏ-256 முழுவதும் பிட்டுகளைச் சுழற்றும் செயல்கள் நிறைந்தது. அந்தச் சுழற்சியை ஒரே கட்டளையில் முடிக்கும் வசதி அன்றைய ஏஎம்டி சில்லுகளில் இருந்தது.

இனி உங்கள் கணினிக்கான கணக்கு. வலையமைப்பின் மொத்த வேகம் விநாடிக்கு 600 எக்சாஹாஷ், அதாவது 60 கோடி டெராஹாஷ் என்று வைத்துக்கொள்வோம். உண்மை அளவு அதைத் தாண்டியும் சென்றிருக்கிறது. உங்கள் சிபியு விநாடிக்கு 2 கோடி ஹாஷ் செய்வதாகத் தாராளமாகவே கொண்டாலும், தனியாக ஒரு பிளாக்கைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 57 கோடி ஆண்டுகள் ஆகும். கிராபிக்ஸ் கார்டு அதைச் சில கோடி ஆண்டுகளாகக் குறைக்கும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. பூலில் சேர்ந்தால் இந்த நிலை மாறும் என்று சிலர் சொல்வார்கள். பூல் என்பது பலரது வேகத்தை ஒன்று சேர்த்து, கிடைப்பதைப் பங்கின்படி பிரித்துத் தரும் ஏற்பாடு மட்டுமே. வருமானம் சீராக வருமே அன்றி, சுழியத்துக்கு அருகில் உள்ள பங்கு பூலிலும் சுழியத்துக்கு அருகிலேயே நிற்கும்.

நானும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் "அப்படியானால் ஏசிக் வாங்கிவிடலாம்" என்ற முடிவுக்கு வந்தேன். கைமாறி வந்த ஆன்ட்மைனர் எஸ்9 ஒன்றை வாங்கினேன். 2016-இல் வந்த அந்த மாதிரி, ஏறத்தாழ 1,350 வாட் மின்சாரத்தில் விநாடிக்கு 14 டெராஹாஷ் அளவுக்கு வேலை செய்யும். அதனுள் மூன்று ஹாஷ் பலகைகளும், ஒவ்வொன்றிலும் 63 சில்லுகளும் உண்டு. எனக்கு வந்ததில் இரண்டு பலகைகள்தான் கணக்கில் தெரிந்தன. சில்லுகள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகத் தகவலைக் கடத்துவதால், நடுவில் ஒரு சில்லு செத்தாலும் முழுப் பலகையும் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. மூன்று பலகைகளும் ஓடும் காணொளியைக் கேட்டு வாங்காதது என் தவறு. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது இரைச்சல். இரண்டு விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றும்போது அடுத்த அறையில்கூடத் தொலைபேசியில் பேச முடியவில்லை. வெளியே தள்ளப்படும் வெப்பம் ஓர் அறைச் சூடேற்றியின் வெப்பத்துக்குச் சமம். இது உவமை அல்ல, உள்ளே செல்லும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில் நடந்த நான்காவது ஹாவிங்குக்கு, அதாவது வெகுமதி பாதியாகும் நிகழ்வுக்கு, பின் ஒரு பிளாக்கின் வெகுமதி 3.125 பிட்காயின், நாளுக்குச் சராசரியாக 144 பிளாக்குகள், ஆகவே உலகெங்கும் உள்ள மைனர்கள் அனைவருக்குமாக நாளொன்றுக்கு 450 பிட்காயின். மேலே சொன்ன 600 எக்சாஹாஷ் கணக்கில், பழுதில்லாத ஓர் எஸ்9-இன் பங்கு நாளுக்கு ஏறத்தாழ 1,050 சதோஷி. ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சதோஷி. அதற்காக அந்த இயந்திரம் குடிக்கும் மின்சாரம் 32 யூனிட்டுக்கு மேல். உங்கள் மின்கட்டண விகிதத்தையும் அன்றைய நாணய மதிப்பையும் வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். எஸ்21 போன்ற புதிய இயந்திரங்கள் ஒரு டெராஹாஷுக்கு 17.5 ஜூல் என்ற அளவில் ஓடுகின்றன. எஸ்9-க்கோ நூறு ஜூல் அளவுக்குத் தேவை. போட்டி அந்த விகிதத்தில்தான் நடக்கிறது. மேலும் 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, வலையமைப்பு தன் கடினத்தன்மையைத் திருத்திக்கொள்வதால், உலகில் எங்கோ புதிய இயந்திரங்கள் சேரச் சேர உங்கள் இயந்திரத்தின் பங்கு தானாகவே தேய்ந்துகொண்டு போகும்.

திறந்த மூல மென்பொருள் என்று கேட்டிருந்தீர்கள். ஏசிக் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையிலேயே ஒரு சிறிய லினக்ஸ்தான் ஓடுகிறது. ஆன்ட்மைனர்களில் ஓடியதும் சிஜிமைனர் என்ற திறந்த மூல மைனிங் நிரலிலிருந்து கிளைத்ததே. அந்தச் சிஜிமைனரை எழுதியவர் கான் கொலிவாஸ். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் குறித்து நெடுங்காலம் வேலை செய்த அவர், தொழிலால் ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவர் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. ஓர் எச்சரிக்கையும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகள் பலவும் கிராபிக்ஸ் கார்டில் சிஜிமைனரை ஓட்டச் சொல்கின்றன, ஆனால் 3.7.2 பதிப்புக்குப் பின் அந்த வசதி அதில் இல்லை. கட்டளைகள் பிழை காட்டினால் உங்கள் லினக்ஸில் கோளாறு என்று எண்ணி இரவு முழுவதும் டிரைவரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டுகளுக்கு நெடுநாள் வாழ்வளித்தது எத்தீரியம் என்ற மற்றொரு நாணய வலையமைப்பு. 2022 செப்டம்பர் 15 அன்று அது மைனிங்கையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியதுடன் அந்தக் கதை பெரும்பாலும் முடிந்தது. அக்காலத்தில் ஓடிய கார்டுகளையும், கார்டைத் தாய்ப்பலகைக்கு வெளியே பொருத்த உதவும் ரைசர்களையும் இப்போது மலிவாக வாங்கும் எண்ணம் இருந்தால், ரைசருக்கான மின்சாரத்தை சாட்டா இணைப்பிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். சாட்டா மின் இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும்படி வகுக்கப்பட்டது. கார்டு தன் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். இளகிய பிளாஸ்டிக்கின் நாற்றம்தான் முதல் அறிகுறி.

உங்கள் சிபியுவில் மைனிங்கின் சுவையை அறிய வேண்டும் என்ற ஆவல் மட்டும் இருந்தால், பிட்காயினை விட்டு மொனேரோ என்ற வேறொரு நாணயத்தைப் பாருங்கள். 2019 நவம்பர் முதல் அது பயன்படுத்தும் ரேண்டம்எக்ஸ் வழிமுறை, சாதாரணச் செயலிகளுக்கே சாதகமாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு திரெட்டுக்கும் 2 எம்பி கேஷும், மொத்தத்தில் 2 ஜிபிக்குச் சற்று மேல் ரேமும் அதற்கு வேண்டும். ஆகவே உங்கள் செயலியில் 6 எம்பி கேஷ் இருந்தால், நான்கு கோர் இருந்தாலும் மூன்று திரெட்டுகளே நன்றாக ஓடும். நான்காவதைச் சேர்த்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மொத்த வேகமே குறையக்கூடும். இதற்கான எக்ஸ்எம்ரிக் என்ற திறந்த மூல நிரலை லினக்ஸில் மூலநிரலிலிருந்தே தொகுத்துக்கொள்ளலாம். நினைவகத்தைப் பெரிய துண்டுகளாக ஒதுக்கும் ஹியூஜ் பேஜஸ் என்ற கெர்னல் வசதியை இயக்கிவிட்டால் வேகம் கண்ணில் படும்படி கூடும். இதிலும் மின்கட்டணத்தை மிஞ்சும் வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். அலுவலகக் கணினியில் இதை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஊடுருவிகள் பிறர் சர்வர்களில் களவாக நிறுவுவதும் பெரும்பாலும் இதே நிரலைத்தான் என்பதால் பாதுகாப்பு மென்பொருள்கள் உடனே அலறும்.

உங்கள் கணினி உண்மையில் பொருந்துவது நோடு நடத்துவதற்கு. நோடு என்பது 2009 முதல் நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையையும் விதிகளின்படி தானே சரிபார்த்து, பிழையான பிளாக்கை எந்த மைனர் அனுப்பினாலும் ஏற்க மறுக்கும் மென்பொருள். இதற்கு வெகுமதி எதுவும் கிடையாது. உங்கள் வாலட்டின் இருப்பைப் பிறருடைய சர்வரிடம் கேட்காமல் உங்கள் கணினியிடமே கேட்கலாம் என்பதுதான் பயன்.

டெபியன் போன்ற நிலையான ஒரு லினக்ஸை நிறுவி, பிட்காயின் கோரை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள். கோப்பின் ஹாஷையும் உருவாக்குநர்களின் ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபார்க்காமல் இயக்காதீர்கள். 2021-இல் வந்த 22.0 பதிப்பு முதல், வெளியீடுகள் குயிக்ஸ் கருவியால் உருவாக்கப்படுகின்றன. யார் தொகுத்தாலும் பைட்டுக்கு பைட் அதே கோப்பு வரும் என்பதால், கையொப்பமிட்டவர்கள் தனித்தனியே தொகுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். பணம் தொடர்பான மென்பொருளில் இதைவிட முக்கியமான வசதியை நான் கண்டதில்லை.

முதல் ஒத்திசைவில்தான் பழைய கணினி திணறும். என் முதல் நோடு சுழலும் வன்தட்டில் இருந்தது. தொடக்க ஆண்டுகளின் பிளாக்குகள் சில மணி நேரத்தில் பறந்தன. 2015-ஐத் தாண்டியதும் ஊரத் தொடங்கியது. செலவாகாத நாணயங்களின் பட்டியலான செயின்ஸ்டேட் என்ற தரவுத்தளத்தில் அங்குமிங்குமாகத் தேடிப் படிக்க வேண்டியிருப்பதே காரணம். வன்தட்டின் முள்ளுக்கு அது கொடுமையான வேலை. ஒன்பதாம் நாள் மின்சாரம் நின்றது, அந்தத் தரவுத்தளம் சிதைந்தது, மறுபடியும் கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று. அதன்பின் செயின்ஸ்டேட் இருக்கும் தரவுக் கோப்பகத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றி, பிளாக்குகளை மட்டும் பிளாக்ஸ்டிர் என்ற அமைப்பின் மூலம் பழைய வன்தட்டிலேயே விட்டேன். செயின்ஸ்டேட்டுக்கு 10 ஜிபிக்குச் சற்று மேல்தான் தேவை என்பதால் சிறிய எஸ்எஸ்டியே போதும். உங்கள் 8 ஜிபி ரேமில், ஒத்திசைவு முடியும்வரை தரவுத்தளத்துக்கு ரேமை ஒதுக்கும் டிபிகேஷ் அமைப்பை 4,000 எம்பி அளவுக்கு உயர்த்திவைத்துப் பிறகு குறைத்துவிடுங்கள். நெடுங்காலம் இயல்பாக அது 450 மட்டுமே இருந்தது. முழு பிளாக்செயினும் 600 ஜிபியைக் கடந்துவிட்டதால் உங்கள் 1 டிபி வன்தட்டு இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாங்கும். இடம் போதாவிட்டால் ப்ரூன் அமைப்பை 550 (எம்பி) என்று வைத்து, சரிபார்த்து முடித்த பழைய பிளாக்குகளை அழிக்கச் சொல்லலாம். சரிபார்ப்பில் எதுவும் குறையாது, பழைய பிளாக்குகளைப் பிறருக்கு வழங்க முடியாது என்பதே வேறுபாடு.

நோடுக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவையாக ஓட்டுங்கள். பிற நோடுகளுடன் பேசும் 8333 போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்கலாம். கட்டளைகளை ஏற்கும் 8332 போர்ட்டை ஒருபோதும் திறக்காதீர்கள்.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் சொந்தமாக ஹாஷ் செய்து பார்க்கும் ஆசை தீரவில்லை என்றால், பிட்ஆக்ஸ் என்ற சிறு கருவி இருக்கிறது. ஆன்ட்மைனரில் உள்ள அதே வகைச் சில்லு ஒன்றையும் இஎஸ்பி32 கட்டுப்படுத்தி ஒன்றையும் சேர்த்துச் செய்யப்பட்டது. அதன் சுற்று வரைபடமும் மென்பொருளும் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. அதன் காமா மாதிரி 20 வாட்டுக்குள் விநாடிக்கு 1.2 டெராஹாஷ் அளவுக்குச் செய்யும். அருகில் இருந்து பேசினாலும் காதில் விழும். மேலே போட்ட அதே கணக்கில் அது ஒரு பிளாக்கைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 9,500 ஆண்டுகள் ஆகும். என் மேசையில் ஒன்று என் சொந்த நோடோடு இணைந்து இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஸ்9-இன் ஓடாத மூன்றாவது பலகையை, சில்லுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று காட்டுவதற்காக அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.