கொலோசியமும் சர்க்கஸ் மாக்சிமஸும் ஒன்றா?

இல்லை, இரண்டும் வெவ்வேறு அரங்குகள். பண்டைய ரோமில் அரங்கின் வடிவத்தை, அங்கே நடந்த காட்சியே தீர்மானித்தது.

நாடகத்துக்கு நடிகரின் முகமும் குரலும் முக்கியம்; எனவே மேடைக்கு எதிரே அரைவட்டமாக இருக்கைகள். வாள்வீரர் சண்டையோ எந்தப் பக்கமும் திரும்பும். தெருவில் வித்தை காட்டுபவரைச் சுற்றிக் கூட்டம் வளையமாக நிற்பது போல, கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்தில் இருக்கைகள் நீள்வட்டமாகக் களத்தைச் சூழ்ந்தன. மரத்தளத்தின்மேல் மணல் பரப்பியிருந்தார்கள், சிந்தும் இரத்தத்தை உறிஞ்சுவதற்காக. எவ்வளவு கொடூரமான முன்யோசனை!

குதிரைத் தேர்ப்பந்தயத்துக்கு நீளம் வேண்டும். அதற்கான அரங்கான சர்க்கஸ் மாக்சிமஸின் நீளம் ஏறத்தாழ 600 மீட்டர். நடுத்திண்டைச் சுற்றி 7 சுற்றுகள். அதன் முனைகளில் திரும்பும்போதுதான் தேர்கள் அதிகம் கவிழ்ந்தன.

கொலோசியத்தில் தேர்ப்பந்தயம் நடந்ததாகப் பலர் நம்புகிறார்கள். ஆனால் சுமார் 80 மீட்டர் நீளமே உள்ள அந்தக் களம் நான்கு குதிரைத் தேர்கள் வேகமெடுக்கவே போதாது.