மூட்டு வலி மாத்திரை போட்டால் மறதி நோய் வராதா?

முடக்கு வாதத்துக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு டிமென்ஷியா வராதாமே, அம்மாவுக்கு முட்டி வலியும் இருக்கிறது, தினமும் ஒன்று கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறதிக்காக என்றால் வேண்டாம்.

எங்கள் ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர். சீட்டே இல்லாமல் மெடிக்கலில் டைக்லோஃபெனாக் என்ற இதே வகை வலி மாத்திரையை வாங்கி, டீயோடு விழுங்கிவிட்டுக் கூடையைத் தூக்கிவிடுவார், பத்துப் பன்னிரண்டு வருஷம் இதே கதைதான். யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டு இல்லாமலே மனதில் வைத்திருந்த மனுஷி, கடைசியில் என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அதற்கு முன்பே கிட்னி போயிருந்தது. சரி, ஒரு ஆயாவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நீங்கள் படித்ததும் பொய் இல்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் சுமார் 7000 பேரைப் பல வருஷம் கவனித்ததில், 2 வருஷமோ அதற்கு மேலோ இந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் வரும் வகை) வாய்ப்பு 80 சதவீதம் குறைவு என்று 2001-ல் வெளியிட்டார்கள். ஆனால் அது, தானாக மாத்திரை போட்டவர்களையும் போடாதவர்களையும் பார்த்துப் போட்ட கணக்கு. மறக்க ஆரம்பித்தவர் வலியைச் சொல்வதும் குறையும், மாத்திரை போடுவதும் குறையும், அப்போது கணக்கு தலைகீழாகத் தெரியும் இல்லையா? அதனால்தான் அமெரிக்காவில் 70 வயது தாண்டிய சுமார் 2500 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு நாப்ராக்சென், சிலருக்கு செலிகாக்சிப் (இரண்டும் இதே வகை வலி மாத்திரைகள்), மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஆபத்தோ என்ற பயத்தில் 2004 டிசம்பரில் மருந்தை நிறுத்திவிட்டார்கள். அப்புறமும் அவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் மறதியைத் தடுத்ததாகத் தெரியவில்லை. (அதே வருஷம்தான் ரோஃபிகாக்சிப் என்ற இன்னொரு வலி மாத்திரை, மாரடைப்புப் பிரச்சினையால் சந்தையை விட்டே போனது.)

முடக்கு வாதத்துக்குப் போடும், விலை அதிகமான எடனர்செப்ட் போன்ற ஊசிகளைப் பற்றியும் இப்படி ஒரு பேச்சு ஓடியது. அல்சைமர் வந்தவர்கள் 41 பேரிடம் செய்த சின்னச் சோதனையில் சொல்லும்படி பலன் இல்லை.

அம்மாவுக்கு வந்திருப்பது தேய்மானமா, முடக்கு வாதமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் ஒரு மணி நேரம் இறுக்கமாக இருக்கிறதா, கேளுங்கள். அப்படி இருந்தால் மூட்டு வாத டாக்டரிடம் போக வேண்டும், அதற்கான மருந்தே வேறு. பிபி மாத்திரை போடுகிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை. போடுகிறார் என்றால் வலி மாத்திரையைத் தொடுவதற்கு முன் கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள்.