வீட்டோடு வளர்ந்த பூனை வெளியேறிவிட்டால் எங்கே தேடுவது?

கேள்வி: கும்பகோணத்தில், பழைய ஓட்டு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ஒரு தெருவில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். எங்கள் பூனை மீனுவுக்கு மூன்று வயது. கருத்தடை செய்த பெண் பூனை. குட்டியாக வந்த நாள் முதல் வாசற்படியைத் தாண்டியதில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, சிலிண்டர் கொண்டுவந்தவருக்காக அம்மா கொல்லைக் கதவைத் திறந்த நேரத்தில் தெருவில் யாரோ சரவெடி கொளுத்த, மீனு பாய்ந்து ஓடிவிட்டது. ஐந்து நாட்கள் ஆகிவிட்டன. காவிரிக் கரை வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போய்ப் பார்த்தோம், பதிலுக்கு ஒரு சத்தமும் இல்லை. இந்த மழையில் அது பிழைத்திருக்குமா? அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் வேலையாகக் காவிரிக் கரையிலிருந்து தெருவுக்குத் திரும்பி வாருங்கள். மீனு அவ்வளவு தூரம் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வெளியே திரிந்து பழகிய பூனைக்குத் தன் எல்லை எது, எந்தச் சுவரைத் தாண்டினால் எங்கே இறங்கலாம் என்பதெல்லாம் தெரியும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்கு வாசலுக்கு அப்பால் உள்ள எல்லாமே அந்நியம் என்பதால், அது கண்ணில் படும் முதல் மறைவில் நுழைந்து உடலைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். தொலைந்த பூனைகளின் உரிமையாளர்கள் 1,210 பேரிடம் விவரம் திரட்டி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளும், ஏறக்குறையப் பாதி 50 மீட்டருக்குள்ளும் இருந்தன. வெளியே விடப்படாத பூனைகள் அதைவிடவும் அருகிலேயே கிடைத்தன. மொத்தத்தில் ஓராண்டுக்குள் 61 சதவீதம் உயிருடன் கிடைத்தன, மூன்றில் ஒரு பங்கு முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. ஆகவே ஐந்து நாள் என்பது கைவிடுவதற்கான கெடு அல்ல. ஆனாலும் நம் தெருக்களில் நாய்கள் மிகுதி என்பதால், தேடலைத் தள்ளிப்போடவும் கூடாது.

கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை என்பதை வைத்து அது அங்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் குரலை அது அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் குரல் கொடுத்தால் தன் இருப்பிடம் நாய்க்கும் வேற்றுப் பூனைக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சம் அதன் வாயைக் கட்டிவிடுகிறது. பயந்த பூனை நீங்கள் மூன்றடி தூரத்தில் நின்று அழைத்தாலும் மூச்சுக் காட்டாது. நாலைந்து பேராகக் கூடிக்கொண்டு உரக்கக் கூப்பிட்டு அலைவது அதை இன்னும் உள்ளே ஒடுங்க வைக்கும் என்பதால், ஓர் ஆளோ இரண்டு ஆளோ மெதுவாகப் பேசிக்கொண்டு சென்றால் போதும். அழைத்தால் வரும் என்று காத்திராமல், ஒளிந்திருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தேடுங்கள்.

எங்கே என்பதுதான் உங்கள் தெருவில் கவனமாக யோசிக்க வேண்டிய விஷயம். கொல்லைக் கதவின் அருகே, பூனையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து எந்த இருட்டு முதலில் கண்ணில் படுகிறதோ அதுவே உங்கள் முதல் இடம். விறகு அடுக்கு, சாய்த்து வைத்த கீற்றும் தென்னை மட்டையும், துவைகல்லின் அடி, மாட்டுக் கொட்டகையின் தீவனத் தொட்டி மூலை, சாக்கடை மேல் பாவிய கடப்பைக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு, மாடிப்படிக்குக் கீழே குவிந்திருக்கும் பழைய சாமான் என்று ஒவ்வொன்றையும் உள்ளே ஒளி பாய்ச்சிப் பார்க்க வேண்டும். மழைக்காலம் என்பதால் தண்ணீர் தேங்கும் பள்ளங்களை விட்டுவிட்டு, நனையாத மறைவுகளுக்கு முதலிடம் கொடுங்கள். ஒட்டிய ஓட்டு வீடுகளில் கூரை ஒரே சாலையாக ஓடுவதால், கைமரம் சுவரில் வந்து உட்காரும் இடத்து இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுப் பரணுக்கு ஒரு பூனை எளிதாகப் போய்விடும். பரணில் இருக்கும் பூனையைக் கீழே நின்று எவ்வளவு அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது, ஏணி வைத்து ஏறித்தான் ஆக வேண்டும்.

இதைவிட முக்கியமானவை பூட்டிய வீடுகள். டெல்டாவின் பழைய தெருக்களில் உரிமையாளர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, சாவி மட்டும் எதிர்வீட்டில் தொங்கும் வீடுகள் தெருவுக்கு இரண்டு மூன்றாவது உண்டு. உடைந்த ஓட்டின் வழியாகவோ திறந்த முற்றத்தின் வழியாகவோ உள்ளே குதித்த பூனைக்கு, வழுக்கும் சுவரில் திரும்ப ஏறி வெளியே வர வழி இருக்காது. உங்கள் விஷயத்தில் தீபாவளி வேறு குறுக்கிட்டிருக்கிறது. பண்டிகைக்காக ஊருக்கு வந்தவர்கள் வீட்டைத் திறந்து புழங்கிவிட்டு, விடுமுறை முடிந்ததும் பூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அந்த இரண்டு மூன்று நாளில் அறைக்குள்ளோ, சாமான் கொட்டகைக்குள்ளோ, கார் நிறுத்தும் இடத்துக்குள்ளோ மீனு நுழைந்து அடைபட்டிருக்கக்கூடும். சாவி வைத்திருப்பவரிடம் 'பூனை இருக்கிறதா என்று பாருங்கள்' என்று சொல்லிவிட்டு வந்தால், அவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடுவார். அனுமதி கேட்டு, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு, நீங்களே உள்ளே போய்க் கட்டிலின் அடியையும் பீரோவின் பின்புறத்தையும் பாருங்கள். அந்த நாட்களில் தெருவில் நின்று கிளம்பிப்போன கார்க்காரர்களிடமும் தொலைபேசியில் விசாரியுங்கள், மழைக்கு ஒதுங்கும் பூனைகள் என்ஜின் பகுதிக்குள் ஏறிப் படுத்துக்கொள்வது உண்டு.

தேடுவதற்கு உகந்த நேரம் நள்ளிரவுக்கு மேல், தெரு அடங்கிய பிறகு. பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால், டார்ச்சை இடுப்பருகே பிடிக்காமல் உங்கள் கண் உயரத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்தினால், மறைவுக்குள்ளிருந்து இரண்டு பச்சை மஞ்சள் புள்ளிகள் மின்னும். சிலந்திகளின் கண்ணும் மின்னும் என்றாலும் அவை பனித்துளி அளவில் ஒற்றைப் பொட்டாகத் தெரியும். கண்கள் மின்னுவது தெரிந்ததும் ஓடிப் போகாதீர்கள், நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். இந்தப் பருவத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வயலில் தண்ணீர் ஏறியதும் விறகிலும் வைக்கோல் போரிலும் ஒதுங்கும். கணுக்கால் மூடிய செருப்போ பூட்ஸோ இல்லாமல் கொல்லைகளில் இறங்க வேண்டாம். கண்ணால் பார்க்காத இடுக்கில் கையை நுழைக்கவே கூடாது, முதலில் கோலால் தட்டுங்கள்.

பகலில் உங்களுக்காக வேறு சிலர் தேடிக்கொண்டிருப்பார்கள். அணில் வாலை விறைத்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்து விடாமல் கத்தினாலும், தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு புதரைச் சுற்றி இரைந்தாலும், அங்கே பாம்போ பூனையோ இருக்கக்கூடும். காலை ஆறு மணிக்கு ஒரு நாற்காலியைப் போட்டுக் கொல்லையில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

உணவு வைப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். தெருவெங்கும் சோறும் மீனும் இறைத்தால் நாய்களும் ஊரில் திரியும் கடுவன் பூனைகளும் கூடி, ஒளிந்திருக்கும் பூனையை அங்கிருந்தும் விரட்டிவிடும். கொல்லைக் கதவருகே ஒரே இடத்தில், இரவு பத்து மணிக்கு மேல், வறுத்த நெத்திலிக் கருவாட்டைச் சிறிதளவு வைத்துக் கண்காணித்து, விடிவதற்குள் எடுத்துவிடுங்கள். பழைய கைப்பேசி ஒன்றை ஜன்னலில் வைத்துக் காணொளி பதிவு செய்தால், வந்து தின்பது மீனுவா வேறு பூனையா என்பது தெரிந்துவிடும். மலம் கழிக்கும் மண் தட்டை வெளியே வைத்தால் வாசனை பிடித்து வந்துவிடும் என்ற ஆலோசனையை எங்கும் கேட்கலாம். கடுவன்கள் உலவும் தெருவில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்குப் பதில் அது படுத்து உறங்கிய துணியையோ அம்மாவின் பழைய நூல் புடவையையோ கதவின் உட்புறம் விரித்து வையுங்கள். கதவை ஒரு பூனை நுழையும் அளவுக்குத் திறந்து வைத்து, கைப்பிடியில் கயிறு கட்டி, அடுத்த அறையில் விளக்கணைத்துக் காத்திருந்து, அது முழுவதும் உள்ளே வந்த பிறகு இழுத்து மூடலாம். கூண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பிடிபட்ட பூனை மழையிலும் நாயிடமும் மாட்டிக்கொள்ளும் என்பதால், கூண்டை வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

அக்கம்பக்கத்தில் சொல்லும்போது விடியலில் தெருவைப் பார்ப்பவர்களை மறக்காதீர்கள். பால்காரர், பேப்பர் போடுபவர், தூய்மைப் பணியாளர், கோலம் போட முதலில் கதவு திறக்கும் பாட்டி ஆகியோர்தாம் உங்கள் கண்கள். சுவரொட்டியில் பெரிய படம், 'பயந்த பூனை, துரத்தாதீர்கள், உடனே அழையுங்கள்' என்ற வரி, கைப்பேசி எண் ஆகிய மூன்றும் இருந்தால் போதும், மழைக்குக் கரையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுங்கள். உள்ளங்கால் நிறம் போன்ற ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பூனை என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள் என்று அழைப்பவரைச் சோதிக்க அது உதவும். சோழி உருட்டிப் பார்ப்பவரிடம் கேட்கலாமா என்று யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். 'தண்ணீர் உள்ள திசையில் இருக்கிறது' என்று அவர் சொன்னால், நம் ஊரில் எந்தத் திசையில் தண்ணீர் இல்லை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மீனுவைப் பார்த்துவிட்டால், நேருக்கு நேர் நெருங்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, வீட்டில் பேசும் சாதாரணக் குரலில் பேசி, கருவாட்டை நீட்டுங்கள். மிரண்ட பூனை வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஐந்து நாள் தெருவில் இருந்த பூனை யாரிடம் கடிபட்டது என்பது நமக்குத் தெரியாது. கிணற்றில் விழுந்திருந்தால் நீங்கள் இறங்காதீர்கள். அது பற்றிக்கொள்ளக் கயிற்றில் ஒரு கூடையை இறக்கிவிட்டு, தீயணைப்புத் துறையை 101-ல் அழையுங்கள்.

கிடைத்ததும் குளிப்பாட்ட வேண்டாம். ஒரு சிறிய அறையில் தண்ணீரும் மண் தட்டும் வைத்து விட்டுவிட்டு, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு, குறிப்பாகப் பருமனான பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுதும் உண்ணாமல் இருந்தாலோ ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகத் தெரிந்தாலோ மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு வயலோரத் தெருக்களில் எப்போதும் உள்ள அபாயம். தள்ளாடுதல், வாந்தி, மூச்சிரைப்பு இருந்தால் பால் புகட்டி நேரத்தைக் கடத்தாமல் உடனே புறப்பட வேண்டும். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அது பூனைக்கு நஞ்சு. கடிபட்ட இடம் வெளியே ஆறியதாகத் தெரிந்தாலும் மூன்று நான்கு நாளில் உள்ளே சீழ் கட்டும், ஆகவே ரோமத்தைப் பிரித்துத் தடவிப் பாருங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கதவு திறக்காமல் சிலிண்டர் உள்ளே வராது, வெடிச் சத்தத்துக்கு எந்தப் பூனையும் பாயும். 'நீ கொஞ்சம் பார்த்துத் திறந்திருக்கலாம்' என்ற ஒரு வாக்கியத்தை வீட்டில் யாரும் சொல்லாமல் இருப்பதுதான் முதல் உதவி. அவரைத் தேற்றுவதைக் காட்டிலும் வேலை கொடுப்பது பலன் தரும். தினமும் மீனுவுக்குச் சோறு போட்டவர் அவரே என்றால், இரவில் கொல்லைக் கதவின் உள்ளே உட்கார்ந்து வழக்கமான நேரத்தில் தட்டைத் தட்டி, வழக்கமான குரலில் பேச வேண்டியவரும் அவரே. அந்தக் காவலை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் அலைந்தால் வீட்டில் எல்லோரும் மூன்றாம் நாள் படுத்துவிடுவீர்கள்.

இரண்டு வாரம் வரை இரவுத் தேடலைத் தொடருங்கள். பசி முற்றும்போது பயம் தளர்ந்து, ஒரு வாரம் பத்து நாளுக்குப் பிறகு தானாகவே கதவருகே வந்து நிற்கும் பூனைகள் உண்டு. அதற்கு மேலும் கிடைக்கவில்லை என்றால் சுற்றளவைத் தெருத் தெருவாக 500 மீட்டர் வரை விரியுங்கள், மழையில் நைந்த சுவரொட்டிகளை மாற்றுங்கள், பூட்டிய வீடுகளின் சாவிக்காரர்களை வாரம் ஒருமுறை மறுபடி கேளுங்கள். இதற்கிடையே வீடு மாற்ற நேர்ந்தால், உங்கள் எண்ணையும் மீனுவின் படத்தையும் புதிதாகக் குடிவருபவரிடமும் வீட்டுக்காரரிடமும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.