வாசகர் கேள்வி பதில்: கட்சிகள் பாடத்துக்கு ஒரு பக்கம் போதும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் கட்சிகள் பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதோடு சரி. மூல ஆவணங்களை வைத்து நடத்த எங்கிருந்து தொடங்கலாம்?
- ஓர் ஆசிரியை, திருவாரூர்

பதில்: 1967 சட்டமன்றத் தேர்தலிலிருந்து. அதன் புள்ளிவிவர அறிக்கை தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 'தமிழ்நாடு' என்று தேடி ஏமாறாதீர்கள். பெயர் மாறியது 1969இல்தான், தலைப்பில் 'மெட்ராஸ்' என்றே இருக்கும். முழு அறிக்கையையும் அச்செடுத்துக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கட்சிவாரி அட்டவணை மட்டும், இருவருக்கு ஒரு பிரதி.

போட்டியிட்ட இடங்கள், வென்ற இடங்கள் இரண்டின் மேலும் காகிதத் துண்டை ஒட்டிவிட்டு வாக்குச் சதவீதத்தைக் காட்டுங்கள். காங்கிரஸ் 41.10, தி.மு.க. 40.69. ஆட்சி யாருக்கு? பெரும்பாலோர் காங்கிரஸ் என்பார்கள். வென்ற இடங்களைத் திறந்தால் தி.மு.க. 137, காங்கிரஸ் 51. "கள்ள ஓட்டா டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். அந்த இடத்தில் நீங்கள் விளக்கம் சொல்லிவிட்டால் பாடம் கெட்டது. அடுத்த துண்டை அவர்களே உரிக்கட்டும்: போட்டியிட்டது காங்கிரஸ் 232, தி.மு.க. 174. வகுத்துப் பார்த்தால், நின்ற நூறு இடங்களில் தி.மு.க. ஏறத்தாழ 79, காங்கிரஸ் 22. தி.மு.க. ஏன் எல்லா இடத்திலும் நிற்கவில்லை என்ற கேள்வி தானாக எழும். சுதந்திரா, மார்க்சிஸ்ட் கட்சிகளோடு வைத்த கூட்டணி பற்றி அட்டவணையில் ஒரு சொல்லும் இல்லை. அதற்கு அன்றைய செய்தித்தாள் வேண்டும். மறுநாள் வகுப்பு அதுதான்.

'எஃப்.டி.' என்ற பத்தியைச் சிலர் வங்கி வைப்பு என்று நினைப்பார்கள். டெபாசிட் இழந்தவர்களின் எண்ணிக்கை அது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர்கள்.

கேள்வி: கட்சிகள் வாக்குறுதி தரும் தேர்தல் அறிக்கைகளை வகுப்பில் படித்தால், கட்சி சார்பு என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்களே?

பதில்: நடப்புத் தேர்தலைத் தொடாதீர்கள். பத்து, பதினைந்து ஆண்டு பழைய அறிக்கைகள் இரண்டில், ஒரே தலைப்பில் தலா அரைப் பக்கம் எடுங்கள். கல்வி நல்ல தலைப்பு. வினைச்சொற்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். 'செய்வோம்' எத்தனை, 'மத்திய அரசை வலியுறுத்துவோம்' எத்தனை? வலியுறுத்துவோம் என்று வரும் இடங்களை, மத்திய, மாநில அதிகாரங்களைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையோடு ஒப்பிட்டால், அதிகாரம் யாரிடம் என்பது பிடிபடும். கல்வி, 1976இன் 42ஆவது திருத்தத்தில் மாநிலப் பட்டியலிலிருந்து, இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது என்பதை இங்கே சொன்னால் மறக்காது.

பெயரையும் சின்னத்தையும் மறைத்தாலும் நடையை வைத்தே நம் பிள்ளைகள் கட்சியைச் சொல்லிவிடுவார்கள். முன்னுரையை வெட்டிவிடுங்கள், தலைவர்களின் பட்டப்பெயர்கள் குவிந்து கிடப்பது அங்கேதான்.