பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லையே!

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 63 வயது. முப்பது வருடமாக வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டு பாடியவர். நான்கு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. தாகமென்றால் "அது... அது..." என்று சொம்பைக் காட்டுகிறார். ஆனால் போன வாரம் சுடலைமாடன் கோயில் கொடையில் மைக்கில் கேட்ட பாட்டை இரண்டு அடி பிசிறில்லாமல் கூடவே பாடினார்! அந்தப் பாட்டையே நாள் முழுக்கப் போட்டால் பேச்சு திரும்பிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா? வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: பாடத் தெரிகிறவருக்குப் பேசவா தெரியாது, வீம்புக்கு இருக்கிறார் என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை அப்பா காதில் விழவிடாதீர்கள். அவருக்கும் அது புரியும் என்பதுதான் கொடுமை.

வாக்கியத்தைக் கோத்துச் சொல்கிற வேலை பெரும்பாலோருக்கு மூளையின் இடது பாதியில் நடக்கிறது. 1861-ல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் காட்டினார். "டான்" என்ற ஓரசையைத் தவிர வேறொன்றும் பேச வராத நோயாளி ஒருவர் இறந்தபின், அவருடைய மூளையில் இடது முன்பக்கம் சிதைந்திருந்ததை அவர் கண்டார். உடலின் வலப்புறத்தை ஆள்வதும் இடது மூளைதான். அதனால்தான் உங்கள் அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் சேர்ந்தே போயின. பாட்டுக்கு வலது பாதியும் நிறையக் கைகொடுக்கிறது. பேச வராத ஒருவர், யாராவது எடுத்துக்கொடுத்தால் தேவாலயப் பாட்டுகளைப் பாடினார் என்று சுவீடனில் 1745-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பாட்டு மட்டுமல்ல, நாக்கில் ஊறிப்போன எதுவும் இப்படித் தப்பிப் பிழைக்கலாம். ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள், தேவாரம், வசவு. என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு முதலில் திரும்புவதே வசவுதான். வீட்டுக்காரர்கள் கூசிப்போவார்கள். எனக்கோ நாக்கும் உதடும் நன்றாக வேலை செய்கின்றன என்று தெரிந்துவிடும்.

ஆனால் கொடைப் பாட்டு முழுதாக வந்தாலும் அதற்குள்ளிருந்து "மோர்" என்ற ஒரு சொல்லைப் பிரித்தெடுக்க அப்பாவால் முடியாது. ஆகவே அதையே நாள் முழுக்கப் போட்டால் பேச்சு வராது. இன்ன ராகம் கேட்டால் வாதம் தீரும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அதற்காகப் பாட்டே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பின்லாந்தில் பக்கவாதம் வந்த 60 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. தினமும் தமக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. காலையில் ஒரு மணி நேரம் அவர் விரும்புவதைப் போடுங்கள். பிறகு நிறுத்திவிடுங்கள்.

பேச்சுக்கு வழி வேறு. அவருக்குத் தேவையான சொற்களை நீங்கள் பாட்டாக்க வேண்டும். 1973-ல் அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த முறை இது. "காப்பி தா" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கா, ப்பி, தா என்று அசைக்கு ஒரு தட்டாக அந்தக் கையால் மேசையில் தட்ட வேண்டும். நெடிலைச் சற்று உயர்த்தி இழுங்கள், குறிலைத் தாழ்த்துங்கள். இரண்டு சுரம் போதும். முதலில் வாய்மூடி முனகல், அடுத்து இருவரும் சேர்ந்து பாடுவது. பிறகு பாதியில் உங்கள் குரலை மெல்ல விலக்கிக்கொள்ளுங்கள், மீதியை அவர் முடிப்பார். அது பழகியபின் நீங்கள் பாட, அவர் திருப்பிப் பாட வேண்டும். கடைசியாக "என்ன வேண்டும்?" என்று கேட்டு, அவராகச் சொல்லக் காத்திருங்கள். பத்து விநாடியானாலும் வாயைத் திறக்காதீர்கள். வீட்டார் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தெரிந்த பாட்டின் மெட்டை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். மெட்டு பழையதானால் நாக்கு பழைய வரிக்கே ஓடிவிடும். மெட்டைவிடத் தாளமே அதிகம் உதவுகிறது என்று சொல்கிற ஆய்வுகளும் உண்டு. ஆகையால் உங்கள் குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, தட்டு பிசகக் கூடாது. காலையும் மாலையும் இருபது நிமிடம், வாரத்துக்கு ஐந்தாறு சொற்றொடர் போதும்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இட்டுப் பிழைத்த ஓர் அம்மாள், மூன்றாம் வாரம் மருமகளிடம் "காப்பி தா" என்று இழுத்துப் பாடினார். மருமகள் சிரித்துவிட்டு, சர்க்கரை போட மறந்தே டம்ளரை நீட்டினாள். சர்க்கரையைக் கேட்க அந்த அம்மாளுக்கு இன்னும் பத்து நாள் ஆனது. பழகிய சொற்கள் இப்படித் தேறும். பழகாத சொற்கள் தாமாக வந்துவிடும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

புரிதல் குறைந்தவர்களுக்கு இந்த முறை அவ்வளவாக ஒத்துவராது. உங்கள் அப்பாவுக்குப் புரிதல் இருக்கிறது, அது பெரிய பலம். ஆனாலும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் ஒருமுறை நேரில் பார்த்துச் சொற்களைத் தேர்ந்து தரட்டும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. மறுபடி வாய் கோணினாலோ கை மரத்தாலோ, பாட்டும் வேண்டாம் கைவைத்தியமும் வேண்டாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

வேறு எந்த வீட்டுக்கும் வாய்க்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. முன்பாட்டுக்காரர் விட்ட இடத்தில் பிடிப்பதும், "ஆமா" போட்டுக் கதையை நகர்த்துவதுமே உங்கள் அப்பாவின் தொழில். அவருடைய குழுவிலிருந்து ஒருவரை வாரம் ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். கதை வேண்டாம், "மோர் தா" பாடினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வருகிறவர் சிரிப்பார். அப்பாவும் சிரிக்கட்டும்.